லினக்ஸில் ஜாவா: முதல் மாதத்தில் எழும் கேள்விகள்

தொடங்குமுன் ஒரு விஷயம். கட்டளைகளைப் போனில் சொல்வதுபோல உச்சரிப்பிலேயே எழுதியிருக்கிறேன். கணினியின் டெர்மினலில், அதாவது கட்டளை அடிக்கும் சாளரத்தில், அவற்றை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும், வேறு மாதிரி சொல்லாத இடமெல்லாம் சின்ன எழுத்தில். என்னிடம் இருப்பது உபுண்டு. டெபியன், லினக்ஸ் மின்ட், பாஸ் லினக்ஸ் எல்லாம் அதே குடும்பம்தான், பெரும்பாலும் அப்படியே பொருந்தும்.

எந்த ஜாவாவை நிறுவுவது? தேடினால் ஓபன்ஜேடிகே, ஆரக்கிள், டெமுரின், கொரெட்டோ என்று வரிசையாக வருகிறதே?

பெயர்தான் பல, மூலம் ஒன்று. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1995இல் ஜாவாவை வெளியிட்டது. 2006 நவம்பரில் அதன் மூலநிரலை ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் திறந்துவிடுவதாக அறிவித்தது. 2010இல் சன் நிறுவனத்தையே ஆரக்கிள் வாங்கிவிட்டது. அப்படித் திறந்துவிடப்பட்ட மூலம்தான் ஓபன்ஜேடிகே. மற்றவர்கள் அதை எடுத்துத் தங்கள் பெயரில் கட்டித் தருகிறார்கள். அமேசான் கட்டினால் கொரெட்டோ, அடாப்டியம் குழு கட்டினால் டெமுரின். கற்றுக்கொள்பவருக்கு இவற்றில் எந்த வித்தியாசமும் தெரியப்போவதில்லை. உங்கள் லினக்ஸ் கொடுப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள்:

சூடோ ஏபிடி அப்டேட்
சூடோ ஏபிடி இன்ஸ்டால் டிஃபால்ட்-ஜேடிகே

உபுண்டு 24.04 என்றால் ஜாவா 21 வரும், 22.04 என்றால் 11. படிக்க இரண்டும் போதும். ஃபெடோரா என்ற வேறு குடும்பத்து லினக்ஸில் 'சூடோ டிஎன்எஃப் இன்ஸ்டால் ஜாவா-லேட்டஸ்ட்-ஓபன்ஜேடிகே-டெவல்'. கடைசியில் இருக்கும் 'டெவல்' என்பதை விட்டுவிட்டால் பாதி ஜாவாதான் வரும். அது எந்தப் பாதி என்பது அடுத்த கேள்வியில்.

இணையதளத்திலிருந்து டார் கோப்பை இறக்கி, பிரித்து, பாத் (கட்டளைகளை லினக்ஸ் தேடும் இடங்கள்) அமைத்து நிறுவச் சொல்லும் காணொளிகள் நிறைய உண்டு. தவறில்லை. ஆனால் முதல் நாளே பாத் சண்டையில் மாட்டி, ஒரு வரி நிரல்கூட எழுதாமல் மூடிவைத்துவிட்டுப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

'ஜாவா -வெர்ஷன்' என்று அடித்தால் பதில் வருகிறது. 'ஜாவாசி' என்று அடித்தால் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்கிறது. ஜாவா இருக்கிறதா, இல்லையா?

தோசைக்கல் இருக்கிறது, கிரைண்டர் இல்லை. நீங்கள் எழுதிய நிரலை அரைத்து மாவாக, அதாவது பைட்கோடாக மாற்றுவது ஜாவாசி, அதாவது கம்பைலர். அந்த மாவைச் சுடுவது ஜாவா என்ற கட்டளை, அதாவது ஜேவிஎம். சுடுவதற்கு மட்டும் தேவையானதை ஜேஆர்இ என்பார்கள். வேறு ஏதாவது மென்பொருள் தன் தேவைக்காக அதைக் கூட இழுத்து வந்திருக்கும். அரைப்பதும் சேர்ந்து வருவது ஜேடிகே. மேலே சொன்ன இரண்டு வரிகளை ஓட்டுங்கள், ஜாவாசி வந்துவிடும்.

விண்டோஸை அழிக்க வீட்டில் விடமாட்டார்கள். என்ன செய்வது?

அழிக்கவே வேண்டாம். விண்டோஸ் 10, 11இல் டபிள்யூஎஸ்எல் இருக்கிறது, அதற்குள் உபுண்டு ஓடும். இந்தப் பக்கத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் அது போதும்.

சரி, முதல் நிரலை எப்படி எழுதி ஓட்டுவது? எக்லிப்ஸ் போடட்டுமா, இன்டெலிஜேயா?

எழுதுவது, ஓட்டுவது எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த பெரிய மென்பொருள்கள் அவை. முதல் மாதம் இரண்டும் வேண்டாம் என்பேன். இதில் என்னோடு சண்டைக்கு வருபவர்கள் உண்டு, வரட்டும். பச்சை முக்கோணத்தை அழுத்தினால் ஓடுகிறது என்று பழகியவருக்கு, அது ஓடாத நாளில் எங்கே பார்ப்பது என்று தெரியாது. இரண்டு கட்டளைகளைக் கையால் அடித்துப் பழகியவருக்கு எந்தக் கட்டத்தில் உடைந்தது என்பது உடனே தெரியும். அரைக்கும்போதா, சுடும்போதா? கீழே வரும் கேள்விகளில் சில இந்த ஒரு வேறுபாட்டில்தான் தீர்கின்றன.

எழுத ஜீனி என்ற எடிட்டர் போதும். டெர்மினலை விட்டு வெளியே வரப் பிடிக்காதவர்களுக்கு நானோ. 4 ஜிபி நினைவகம் உள்ள, பள்ளியில் அரசு கொடுத்த பழைய மடிக்கணினியிலும் இவை தடங்கலின்றி ஓடும். இன்டெலிஜே அதில் மூச்சு வாங்கும்.

உங்கள் ஹோம் ஃபோல்டரில் 'ஜாவா-பயிற்சி' மாதிரி ஒன்றை உருவாக்கி அதற்குள் போங்கள். வணக்கம்.ஜாவா என்று ஒரு கோப்பு, பெயரை ஆங்கில எழுத்தில், முதல் எழுத்தைப் பெரிதாக வைத்து. உள்ளே அதே பெயரில் ஒரு பப்ளிக் கிளாஸ், அதற்குள் பப்ளிக் ஸ்டாடிக் வாய்டு மெயின், அதற்குள் ஒரு பிரின்ட்எல்என் வரி. பிறகு:

ஜாவாசி வணக்கம்.ஜாவா
ஜாவா வணக்கம்

முதல் கட்டளையில் '.ஜாவா' என்ற வால் உண்டு, இரண்டாவதில் இல்லை. முதலாவது ஒரு கோப்பைக் கேட்கிறது, இரண்டாவது ஒரு கிளாஸின் பெயரைக் கேட்கிறது. முதல் கட்டளை எதுவுமே சொல்லாமல் திரும்பினால் வெற்றி என்று பொருள். லினக்ஸ் உலகில் நல்ல செய்தியைச் சத்தம்போட்டுச் சொல்லும் வழக்கம் இல்லை.

இப்போது 'எல்எஸ்' அடித்துப் பாருங்கள், வணக்கம்.கிளாஸ் என்று புதிதாக ஒன்று இருக்கும். 'ஃபைல் வணக்கம்.கிளாஸ்' என்று கேட்டால், இது கம்பைல் ஆன ஜாவா, பதிப்பு 65.0 என்கிற மாதிரி பதில் வரும். அந்த எண்ணை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும். அந்தக் கோப்பை 'எக்ஸ்எக்ஸ்டி' கொண்டு பிரித்துப் பார்த்தால் முதல் நான்கு பைட்டுகளும் 'கஃபே பேப்' என்று படிக்கும்படி இருக்கும். உலகில் உள்ள எல்லா கிளாஸ் கோப்பும் அப்படித்தான் தொடங்குகிறது. ஜாவாவை உருவாக்கிய ஜேம்ஸ் காஸ்லிங் காலத்துக் குறும்பு.

ஜாவாசி இல்லாமல் 'ஜாவா வணக்கம்.ஜாவா' என்றே ஓட்டலாம் என்கிறார்களே?

ஆம், ஜாவா 11 முதல் ஒற்றைக் கோப்பு நிரலுக்கு அது நடக்கும். 2025 செப்டம்பரில் வந்த ஜாவா 25இல் இன்னும் சுருக்கம். பப்ளிக் ஸ்டாடிக் எதுவும் வேண்டாம், கிளாஸ்கூட வேண்டாம், மெயின் மட்டும் எழுதினால் போதும். சின்னச் சோதனைகளுக்கு நானும் அப்படித்தான் செய்கிறேன். ஒரே ஒரு வரியைச் சோதிக்க 'ஜேஷெல்' இன்னும் நல்லது. 5/2 என்று அடித்தால் 2 என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லும், முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் மீதி போய்விடும் என்று அங்கேயே புரிந்துவிடும். வெளியே வர '/எக்ஸிட்'.

'குட் நாட் ஃபைண்ட் ஆர் லோட் மெயின் கிளாஸ்' என்று வருகிறது. கோப்பு கண்ணெதிரே இருக்கிறது!

இது சுடும்போது வரும் பிழை. மூன்று காரணங்களைப் பாருங்கள். 'ஜாவா வணக்கம்.கிளாஸ்' என்று வாலோடு அடித்திருக்கலாம். வேறு ஃபோல்டரில் நின்றுகொண்டு அடித்திருக்கலாம், 'பிடபிள்யூடி' அடித்தால் எங்கே நிற்கிறீர்கள் என்று சொல்லும். அல்லது எழுத்தின் அளவு மாறியிருக்கும். லினக்ஸுக்குப் பெரிய வி-யில் தொடங்கும் வணக்கமும் சின்ன வி-யில் தொடங்கும் வணக்கமும் இரண்டு வேறு ஆட்கள். விண்டோஸில் பழகி வந்தவர்கள் முதல் வாரம் இதில்தான் தடுக்கி விழுவார்கள்.

பப்ளிக் கிளாஸின் பெயரும் கோப்பின் பெயரும் ஒத்துப்போகவில்லை என்றால் அது அரைக்கும்போதே பிடிபட்டுவிடும். எந்தப் பெயரில் கோப்பு இருக்க வேண்டும் என்றும் ஜாவாசியே சொல்லிவிடும்.

ஒரு சின்னத் தவறுக்கு பதினேழு எரர் காட்டுகிறது. எங்கே தொடங்குவது?

முதலாவதில். மற்ற பதினாறையும் படிக்காதீர்கள். ஓர் அடைப்பு விட்டுப்போனால் கம்பைலர் வழிதவறி, அதன்பின் பார்ப்பதையெல்லாம் தவறு என்னும். முதல் எரர் திரையைத் தாண்டி மேலே ஓடிவிட்டால் இப்படி அடியுங்கள்:

ஜாவாசி வணக்கம்.ஜாவா |& லெஸ்

மேலிருந்து நிதானமாகப் படிக்கலாம், கியூ அழுத்தினால் வெளியே. 'ரீச்ட் எண்ட் ஆஃப் ஃபைல்' என்று கடைசி வரியைக் காட்டினால் தவறு கடைசி வரியில் இல்லை, மேலே எங்கோ ஒரு நெளி அடைப்பை மூடாமல் விட்டிருக்கிறீர்கள்.

'இல்லீகல் கேரக்டர்' என்று வந்தால், அந்த வரியை வாட்ஸப்பிலிருந்தோ வேர்டிலிருந்தோ ஒட்டினீர்களா என்று யோசியுங்கள். நேர் மேற்கோள் குறி வளைந்த மேற்கோள் குறியாக மாறியிருக்கும். கண்ணுக்கு அழகு, ஜாவாவுக்கு அந்நியம். அந்தக் குறிகளை அழித்துவிட்டுக் கையால் அடியுங்கள்.

நண்பன் அனுப்பிய கிளாஸ் கோப்பை ஓட்டினால் 'அன்சப்போர்ட்டட் கிளாஸ் வெர்ஷன்' என்கிறது.

நண்பனுடைய கிரைண்டர் புதியது, உங்கள் கல் பழையது. அந்தச் செய்தியிலேயே இரண்டு எண்கள் இருக்கும், உதாரணமாக 65.0, 61.0. அவற்றிலிருந்து 44ஐக் கழியுங்கள். 65 என்றால் ஜாவா 21இல் கம்பைல் ஆனது, 61 வரை என்றால் உங்களிடம் இருப்பது ஜாவா 17. புதிய ஜாவா பழைய கிளாஸை ஓட்டும், பழையது புதியதை ஓட்டாது.

சில சமயம் நண்பனே வேண்டாம், ஒரே கணினியிலேயே இது வரும். இரண்டு ஜாவா நிறுவியிருப்பீர்கள், ஜாவாசி ஒன்றைக் காட்டும், ஜாவா மற்றொன்றைக் காட்டும். 'சூடோ அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ் --கான்ஃபிக் ஜாவா' என்று ஒருமுறை, கடைசியில் ஜாவாசி என்று மாற்றி மறுமுறை. இரண்டையும் செய்ய வேண்டும். ஒன்றை மட்டும் செய்துவிட்டு அரைநாள் விழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

என் நிரல் தொகையைக் கேட்கிறது. அடித்ததும், ஊர்ப் பெயரைக் கேட்காமலேயே தாண்டிப் போய்விடுகிறது. ஏன்?

விசைப்பலகையில் அடிப்பதைப் படிக்கும் ஸ்கேனரில் நெக்ஸ்ட்இன்ட், அதன்பின் நெக்ஸ்ட்லைன் என்று எழுதியிருப்பீர்கள். 501 என்று அடித்து எண்டர் தட்டினால் நெக்ஸ்ட்இன்ட் 501ஐ மட்டும் எடுத்துக்கொண்டு எண்டரை அங்கேயே விட்டுவிடும். அடுத்து வரும் நெக்ஸ்ட்லைன் அந்த எண்டரைப் பார்த்து, வெற்று வரி வந்துவிட்டது என்று முடிவுகட்டிவிடும். எல்லாவற்றையும் நெக்ஸ்ட்லைனாகவே வாங்கி, இன்டீஜர்.பார்ஸ்இன்ட் மூலம் எண்ணாக மாற்றிக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நிறுத்த கன்ட்ரோல் இசட் அழுத்தலாமா?

அது நிறுத்தாது, உறைய வைக்கும். நிரல் பின்னால் அப்படியே கிடக்கும். 'எஃப்ஜி' அடித்தால் எழுந்து வரும். நிறுத்துவதற்கு கன்ட்ரோல் சி.

தமிழில் மாறிகளுக்குப் பெயர் வைக்கலாமா?

தாராளமாக. ஜாவா தொடக்கத்திலிருந்தே, உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடை அடிப்படையாகக் கொண்டது. 'இன்ட் தொகை = 501;' என்று, இன்ட் என்பதை ஆங்கிலத்திலும் தொகை என்பதைத் தமிழிலும் எழுதினால் அப்படியே ஏற்கும். உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் பெயருக்குள் வரலாம். ஜாவா 18 முதல், யூனிகோடைக் கோப்பில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறை இயல்பாகவே இருக்கிறது, அதற்கு முந்தைய பதிப்புகளிலும் வழக்கமான உபுண்டு அமைப்பில் சிக்கல் வராது.

ஆனால் கிளாஸ் பெயரை நான் ஆங்கிலத்திலேயே வைக்கிறேன். அதுவே கோப்பின் பெயராகவும் ஆகிறது, மொழி அமைப்பு வேறான கணினிக்குப் போனால் தகராறு செய்யலாம். இன்னொன்று, கிளாஸ் பெரிய எழுத்தில் தொடங்கும், மாறி சின்ன எழுத்தில் தொடங்கும் என்ற ஜாவா வழக்கத்துக்குத் தமிழில் இடமில்லை. நமக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து ஏது?

டெர்மினலில் தமிழ் அச்சாகும்போது கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் தள்ளி நிற்கலாம். அது டெர்மினலின் குறை, உங்கள் நிரலின் குறை அல்ல. விடையை ஒரு கோப்பில் எழுதி எடிட்டரில் திறந்தால் சரியாகத் தெரியும்.

'வணக்கம்' என்பதற்கு லெங்த் கேட்டால் 7 என்கிறது. ஐந்தெழுத்துதானே?

இலக்கணப்படி ஐந்து: வ, ண, க், க, ம். யூனிகோடில் புள்ளி தனி இடம் பிடிக்கும், ஆகவே வ, ண, க, புள்ளி, க, ம, புள்ளி என்று ஏழு. லெங்த் எழுத்தை எண்ணுவதில்லை, இந்தத் துண்டுகளை எண்ணுகிறது. நாம் எழுத்து என்று நினைப்பதை எண்ண ஜாவாவில் பிரேக்இட்டரேட்டர் என்ற கிளாஸ் இருக்கிறது.

இதைவிடக் கள்ளமான ஒன்று உண்டு. 'கொடைக்கானல்' என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே துண்டாகவும் சேமிக்கலாம், எகரக் கொம்பு, கால் என்று இரண்டு துண்டாகவும் சேமிக்கலாம். திரையில் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கும். ஜாவாவுக்கு இரண்டும் வேறு. தொகை என்ற மாறியை ஓரிடத்தில் ஒருவிதமாகவும் மற்றோரிடத்தில் வேறுவிதமாகவும் உள்ளிட்டால் 'கேனாட் ஃபைண்ட் சிம்பல்' என்று வரும், எவ்வளவு உற்றுப்பார்த்தாலும் தவறு தெரியாது. தரவில் இப்படி வந்தால் நார்மலைசர் கிளாஸை என்எஃப்சி முறையில் ஓட்டி ஒன்றாக்கலாம். 'கௌரி'யை ளகரம் போட்டு 'கெளரி' என்று அடித்திருந்தால் அதை எந்த நார்மலைசரும் திருத்தாது, ஆள்தான் திருத்த வேண்டும்.

பாடப் புத்தகப் பயிற்சிகள் அலுக்கின்றன. உருப்படியாக என்ன எழுதலாம்?

மொய் நோட்டு எழுதுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. ஒரு கோப்பில் வரிக்கு ஒருவர்: பெயர், ஊர், தொகை, நடுவில் காற்புள்ளி. நிரல் அதைப் படித்து, ஊர்வாரியாகக் கூட்டி, வரிசைப்படுத்தி அச்சிட வேண்டும். கோப்பு படித்தல், வரியைப் பிரித்தல், ஊருக்கு எதிரே தொகை என்று ஜோடியாக வைக்கும் ஹாஷ்மேப், பிழையான வரியைத் தாண்டுதல் எல்லாம் இதற்குள் வந்துவிடும். தொகைக்கு இன்ட் போதும், அது 214 கோடிக்கு மேல் தாங்கும்.

ஊர்ப் பெயர்களை ஒப்பிடும்போது இரட்டைச் சமக்குறி போடாதீர்கள், ஈக்வல்ஸ் போடுங்கள். இரட்டைச் சமக்குறி, இரண்டும் நினைவகத்தில் ஒரே பொருளா, அதாவது ஒரே ஆப்ஜெக்டா என்று கேட்கும். உள்ளே இருக்கும் எழுத்து ஒன்றா என்று கேட்பது ஈக்வல்ஸ். கோப்பிலிருந்து படித்த மதுரையும் நிரலில் எழுதிய மதுரையும் ஒரே எழுத்துகள், ஆனால் வேறு வேறு பொருள்கள்.

வரிசைப்படுத்தினால் மன்னார்குடி மயிலாடுதுறைக்கு முன்னால் வருகிறதே?

நல்ல கண். நம் வரிசையில் யகரம் முன்னால், னகரம் கடைசியில். ஆகவே மதுரை, மயிலாடுதுறை, மன்னார்குடி என்று வர வேண்டும். யூனிகோடு அட்டவணையில் னகரம் நகரத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. ஜாவா அந்த எண்களைப் பார்த்துத்தான் அடுக்குகிறது. ளகரமும் ழகரமும் அங்கே வகரத்துக்கு முன்னால் இருக்கின்றன, ஆகவே இந்தத் தவறு பல ஊர்ப் பெயர்களில் தலைகாட்டும்.

தமிழ் அகரவரிசை தெரிந்த நூலகம் ஒன்று உண்டு, ஐசியு4ஜே. ஒரே ஒரு ஜார் கோப்பு, அதாவது பல கிளாஸ்களை ஒன்றாகக் கட்டிய மூட்டை. அதில் உள்ள, வரிசைப்படுத்தும் கிளாஸான கொலேட்டருக்குத் தமிழ் என்று சொல்லிக் கொடுத்தால் சரியாக அடுக்கும்.

அந்த ஜாரைச் சேர்த்து ஓட்டினால் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்று ஜாரின் பெயரையே சொல்லித் திட்டுகிறது.

விண்டோஸுக்கு எழுதிய குறிப்பைப் பார்த்து அடித்திருப்பீர்கள். அங்கே கிளாஸ்பாத்தில், அதாவது ஜாவா கிளாஸ்களைத் தேடும் இடங்களின் பட்டியலில், இடங்களைப் பிரிப்பது அரைப்புள்ளி, லினக்ஸில் முக்காற்புள்ளி. லினக்ஸ் ஷெல்லுக்கு அரைப்புள்ளி என்றால் 'இந்தக் கட்டளை முடிந்தது, அடுத்தது வருகிறது' என்று பொருள். ஆகவே ஜாவா கட்டளையை அங்கேயே வெட்டிவிட்டு, ஜாரின் பெயரை இன்னொரு கட்டளையாக நினைத்து ஓட்டப் பார்த்தது. கிளாஸின் பெயர் மொய் என்றும், இறக்கிய ஜாரை ஐசியு4ஜே.ஜார் என்று பெயர் மாற்றி அதே ஃபோல்டரில் வைத்திருக்கிறீர்கள் என்றும் கொண்டால்:

ஜாவாசி -சிபி .:ஐசியு4ஜே.ஜார் மொய்.ஜாவா
ஜாவா -சிபி .:ஐசியு4ஜே.ஜார் மொய்

தொடக்கத்தில் இருக்கும் ஒற்றைப் புள்ளியை விடாதீர்கள். அது 'நான் நிற்கும் இந்த ஃபோல்டர்' என்று பொருள். ஜாரை மட்டும் சொல்லிப் புள்ளியை விட்டால் ஐசியு4ஜே கிடைக்கும், உங்கள் மொய் கிளாஸ் கிடைக்காது.

இதற்கெல்லாம் மேவன் வேண்டாமா?

மேவன், தேவையான ஜார்களைத் தானே தேடி இறக்கும் கருவி. ஒரு ஜாருக்கு வேண்டாம். நீங்கள் சேர்க்கும் ஜார் இன்னொரு ஜாரைக் கேட்டு, அது மூன்றாவதைக் கேட்கும் நாளில் 'சூடோ ஏபிடி இன்ஸ்டால் மேவன்' அடியுங்கள்.